கொடியைத் தாங்கிய பின்சக்கரம்

போன ஆண்டு விழாவில், பெயிண்ட் டப்பாவில் மணல் நிரப்பி நிறுத்திய கொடிக்கம்பம், "நம் சங்கம் யாருக்கும் தலை வணங்காது" என்று வியாபாரிகள் சங்கத் தலைவர் முழங்கிக்கொண்டிருக்கும்போதே மெல்ல வணங்கி, துணைத் தலைவர் மடியில் படுத்துக்கொண்டது. அன்றிலிருந்து கடைத்தெருவில் தலைவருக்குப் பெயர் "சாய்மானம்". இந்த ஆண்டு விழா முடிந்த கையோடு தேர்தல். கம்பம் மறுபடி சாய்ந்தால் பதவியும் கூடவே சாயும் என்று அவருக்கே தெரியும்.

குழி தோண்டி நட்டிருக்கலாம். ஆனால் சங்க முற்றத்துக்குக் காங்கிரீட் போட்டவரே அவர்தான். "இதில் ஓர் ஆணிகூட இறங்காது, இறக்கவும் விடமாட்டேன்" என்று திறப்பு விழாவில் பேசியிருந்தார். பேச்சோடு விட்டாரா, கல்வெட்டிலும் பொறித்து வைத்தார்.

ஆகவே மைத்துனரின் வெல்டிங் பட்டறைக்குப் போனார். மனைவியும் கிளம்பிவிட்டார். தம்பியிடம் கணவர் மாட்டிக்கொண்டு முழிக்கும் காட்சியை அவர் தவறவிடுவதே கிடையாது.

மைத்துனர் ஒரு கனத்த இரும்புத் தகட்டைக் காலால் நகர்த்திக் காட்டினார். அதன் ஒரு ஓரத்தில் நிமிர்ந்த குழாய். குழாய் ஆடாமலிருக்கச் சுற்றிலும் முக்கோண முட்டுகள்.

"இந்தக் குழாய்க்குள்ள கம்பத்தை இறக்கிக் குறுக்க போல்ட் போட்டுருவோம், மாமா. தகட்டு மேல கார் பின்சக்கரத்தை ஏத்தி நிறுத்தணும். ஹேண்ட் பிரேக்கு, மத்த சக்கரம் உருளாம இருக்க அண்டக்கல்லு. அசையாது. முடிஞ்சதும் கழட்டி டிக்கியில போட்டுக்கலாம்."

"யாரு காரு?"

"உங்க காருதான்."

எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகு, கார் வாசலில் வந்து நிற்க, கதவைத் திறந்து ஒரு காலை மட்டும் முதலில் வெளியே வைப்பது விழாக்களில் தலைவரின் வழக்கம்.

"அப்ப நான் எதுல வர்றது?"

"ரெண்டு காலும் நல்லாத்தானே இருக்கு?" என்றார் மனைவி.

"மணல் மூட்டை அடுக்கினா?"

"போன வருஷமும் மணல்தான், மாமா."

"பொருளாளர் காரைக் கேக்கலாமே?"

"கேளுங்க, மாமா. அப்புறம் சாகற வரைக்கும் 'கொடியைத் தாங்கினவன் நான்'னு சொல்லிட்டுத் திரிவாரு."

தலைவர் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டார். உயரத்திலாவது ஜெயிக்கப் பார்த்தார். "அடுத்த தெரு சங்கத்துக் கம்பத்தைவிட உசரமா இருக்கணும்டா. மானப் பிரச்சினை."

"உசரம் கூடினா காத்து புடிச்சு இழுக்கும். கீழ பிள்ளைங்க நிக்கும். கம்பம் இவ்வளவுதான். மானத்தை வேணா தனியா ஏத்திக்குங்க."

விழா அன்று தலைவர் மடிப்புக் கலையாத சட்டையில் நடந்து வந்தார். வாசலில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பந்தல்காரர் மட்டும் நிமிர்ந்து பார்த்தார்.

"அண்ணே, கை சும்மாத்தானே இருக்கு? இதைக் கொஞ்சம் உள்ள கொண்டுபோங்க."

இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளோடு தலைவரின் வருகை நிகழ்ந்தது.

அவர் பேச்சு சூடு பிடிக்கும் நேரத்தில் காற்று கிளம்பியது. கொடி படபடவென்று அடித்துக்கொள்ள, கம்பத்தின் நுனி வளைந்தது. கூட்டம் பேச்சை விட்டுக் கம்பத்தைப் பார்த்தது. துணைத் தலைவர் நாற்காலியோடு நகர்ந்து, போதாதென்று இன்னும் கொஞ்சம் நகர்ந்தார். தலைவரின் வாய் ஒற்றுமையைப் பற்றிப் பேசியது; கண் பின்சக்கரத்தை விட்டு அகலவில்லை. தகடு இம்மியும் அசையவில்லை. காற்று ஓய்ந்ததும் எதுவரை பேசினோம் என்பது மறந்துபோய், "நன்றி" என்று சொல்லி உட்கார்ந்தார். சங்கம் தொடங்கிய நாளாக இவ்வளவு சின்ன உரையை யாரும் கேட்டதில்லை. கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று.

தேர்தலில் யாரோ துணைத் தலைவரின் பெயரை முன்மொழிந்தார்கள். பின்வரிசையிலிருந்து மளிகைக் கடைக்காரர் எழுந்தார்.

"அவருகிட்ட ஸ்கூட்டர்தானே இருக்கு? அடுத்த வருஷம் கம்பத்தை எது மேல நிறுத்தறது?"

கூட்டம் யோசித்தது. துணைத் தலைவரும், தம் மடியை ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு, யோசித்தார். பிறகு அவரே தலைவரின் பெயரை முன்மொழிய, ஏகமனதாக நிறைவேறியது.

தலைவர் குரல் தழுதழுக்க எழுந்தார். "என் மேல் நீங்கள் வைத்திருக்கும் இந்த நம்பிக்கை..."

மனைவி சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

"சும்மா இருங்க. காரு அது பாட்டுக்குப் பேசாம நிக்குதில்ல, அதப் பாத்துக் கத்துக்குங்க."