முறிந்தது எந்தச் சேரிக் கொம்பு

கண்ணகை அன்று நூதனசாலைக்குப் புறப்பட்டது பழைய சாமான் பார்க்கும் ஆசையில் அல்ல. கட்டிய புருஷனின் வாயை ஒரேயடியாக அடைத்துவிட வேண்டும் என்றுதான்.

கொம்புமுறி விளையாட்டு வந்தால் அவர்கள் ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரிந்துவிடும். சேரிக்கொரு வளைந்த மரக்கொம்பை எடுத்து, ஒன்றோடொன்று கொளுவி, வடம் கட்டி இழுப்பார்கள். எவர் கொம்பு முறிகிறதோ அவர் தோற்றவர். வென்ற சேரி, தோற்றவர்களின் வாசலில் வந்து நின்று கேலிப் பாட்டுப் பாடும். தோற்றவர்கள் மூச்சு விடாமல் கேட்க வேண்டும். கண்ணகை தென்சேரி, புருஷன் வினாயகமூர்த்தி வடசேரி. அந்த வீடு எப்படிச் சும்மா கிடக்கும்?

கடைசியாக விளையாடியது சண்டைக் காலத்தில். கொம்பு முறிந்த சத்தமும் பக்கத்து வயல்வெளிக்குள் ஷெல் விழுந்த சத்தமும் ஒன்றாகக் கேட்டன. முறிந்தது யாருடையது என்று குனிந்து பார்க்க யார் நிற்பார்கள்? ஊரே ஓடியது. வடசேரிக்கு மரம் தேர்ந்து கொடுத்தவர் வினாயகமூர்த்தியின் தகப்பன். முகாமில் கண்ணை மூடும்வரை அந்த மனிதர், "நான் பார்த்த மரம் பிழையா இருக்காது" என்று புலம்பிக்கொண்டே கிடந்தார்.

ஊர் திரும்பிய பிறகு கண்ணகையின் அண்ணன் இரண்டு கொம்பையும் கோயில் களஞ்சியத்தில் கண்டெடுத்து, பட்டணத்து நூதனசாலைக்குக் கொடுத்தார். அங்கே அவர் சொன்னபடியே 'முறிந்தது வடசேரிக் கொம்பு' என்று பலகை வைத்தார்கள். அன்றிலிருந்து வீட்டில் கண்ணகையின் கைதான் ஓங்கியிருந்தது. போன வருஷம் வினாயகமூர்த்திக்கு ஒரு பக்கம் இழுத்து, பேச்சும் குழறிப்போனது. அப்போதும் முறிந்தது வடசேரிக் கொம்பல்ல என்ற பேச்சை அவர் விடவில்லை.

திருத்த வேலைக்காக நூதனசாலையை மூடுகிறார்கள், சாமான்கள் கொழும்புக்குப் போகின்றன என்று செய்தி வந்ததும் அவர் மனைவியைக் கூப்பிட்டார்.

"நீ போய்ப் பாருகா. உன்ட கண்ணால பார்த்துட்டு வந்து சொல்லு. நீ சொன்னா மறுகா நான் வாய் திறக்கமாட்டன்."

"இண்டைக்கே போறன்" என்றாள் அவள்.

வாவியைக் கடக்கும் பாதைப் படகில் ஏறி, இறங்கி, பஸ்ஸில் நின்றுகொண்டே போய்ச் சேர்ந்தபோது வாசலில் கயிறு கட்டியிருந்தது. காவலாளி கையை விரித்தான். கண்ணகை கயிற்றுக்குக் கீழே குனிந்து உள்ளே போய்விட்டாள். சத்தம் கேட்டு வந்த பொறுப்பாளர் பர்ஸானா, ஏறாவூர்ப் பெண், தலை முக்காட்டில் வைக்கோல் தூசி.

"அம்மா, எல்லாம் பொதி பண்ணியாச்சே!"

"கொம்பும் பண்ணிட்டீங்களா புள்ள? வயலும் வாவியும் தாண்டி வந்திருக்கன். பார்க்காமப் போகமாட்டன்."

அந்தக் குரலுக்கு யார் எதிர்த்துப் பேசுவார்கள்? பர்ஸானா அவளை உள்ளறைக்குக் கூட்டிப்போனாள். கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் கிடத்தியிருந்தார்கள், ஒரு முழுக் கொம்பையும் வளைவு பிளந்த ஒரு கொம்பையும். எடுத்த அசைவில் முறிந்த கொம்பின் கயிற்றுச் சுற்று நெகிழ்ந்திருந்தது. அதன் அடியிலிருந்து ஒரு துணி எட்டிப் பார்த்தது.

நீலத் துணி. வெள்ளைப் பூ.

கண்ணகை குனிந்து பார்த்தாள். அவள் சின்ன வயதில் கட்டிய பாவாடை. மரத்தைக் கயிறு தின்னாமலிருக்க அப்பா அதைக் கிழித்துத் தென்சேரிக் கொம்பில் சுற்றியதும், அவள் அழுததும், வென்றால் புதுப் பாவாடை என்று அவர் சமாதானம் சொன்னதும் நேற்றுப்போல ஞாபகம் வந்தன. அண்ணன் பொய் சொல்லவில்லை. எந்தத் தென்சேரிக்காரன்தான் தன் கொம்பு முறிந்திருக்கும் என்று கனவிலும் நினைப்பான்?

துணியைத் தெரிந்தவள் உலகத்தில் அவள் ஒருத்திதான். நெகிழ்ந்த கயிற்றை விரலால் உள்ளே தள்ளிவிட்டு வீட்டுக்குப் போகலாம். விரல் அதுவரை போகவும் செய்தது. நீ சொன்னா, என்றாரே அந்த மனுஷன். அவளுக்கு வெட்கமாக இருந்தது. கையை இழுத்துக்கொண்டாள்.

"புள்ள, அந்தப் பலகை பிழை. மாத்தணும்."

"வேலை முடிஞ்சு திறக்கக்குள்ள பார்ப்பமே அம்மா?"

"அதுக்குள்ள நான் இருப்பனோ, அவர் இருப்பாரோ! பெட்டியை ஆணியடிக்க முந்தி மாத்துங்க. இந்தத் துணி என்ட பாவாடை. முறிஞ்சது என்ட அப்பாட கொம்பு. தோத்தது நாங்க."

பர்ஸானா அவளையே பார்த்தாள். "உங்கட சொந்தச் சேரி தோத்ததெண்டு எழுதச் சொல்றீங்களா?"

"ஓம். பெரிய எழுத்துல எழுதுங்க."

புது அட்டை எழுதி, கொம்போடு கட்டி, பெட்டிக்குள் வைக்கும்வரை கண்ணகை அந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

வீடு திரும்பியபோது வினாயகமூர்த்தி கட்டிலில் சாய்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் செருப்பைக் கழற்றி, அவருக்கு எதிரே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"முறிஞ்சது எங்கட கொம்பு. மாமா பார்த்த மரம் பிழையில்ல."

அவருடைய நல்ல கண்ணிலும் இழுத்த கண்ணிலும் தண்ணீர் வழிந்தது. கண்ணகை முந்தானையால் இரண்டையும் துடைத்துவிட்டு மறுபடி தரையில் அமர்ந்தாள்.

"அழுதது போதும். இப்ப பாடுங்க."

"என்னத்தை?"

"கேலிப் பாட்டுத்தான். அண்டைக்கு ஒருத்தரும் பாடலயே. தோத்த ஆள் வந்து குந்தியிருக்கன், பாடுங்க."

அவர் பாடினார். பாதிச் சொல் குழறியது, ராகம் எங்கெங்கோ போனது. தென்சேரிப் பெண் கண்ணகை தலையைக் குனிந்துகொண்டு, கடைசி வரி வரைக்கும் வாய் திறக்காமல் கேட்டாள்.