இரண்டு கொளஞ்சிகள்

வேணியின் செய்தி மத்தியானம் வந்தது. "உன் தம்பி போயிட்டான்டி. ஆத்துல."

பெரம்பலூரில் நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் கையுறையோடு நின்றேன். அன்று ஆடிப்பெருக்கு. என் தம்பி கொளஞ்சியப்பன் கூட்டாளிகளோடு திருமழபாடிக்கு, கொள்ளிடத்தில் குளிக்கப் போயிருந்தான். என் தோழி வேணிக்கு ஊர் அதன் பக்கத்திலுள்ள திருமானூர். ஆற்றில் ஏதாவது நடந்தால் அவளுக்குச் சீக்கிரம் தெரிந்துவிடும்.

எங்களுக்குள் இன்னொரு தம்பியும் உண்டு. அரியலூரில் வேதியியல் படித்தபோது நானும் வேணியும் 'வேலிக்காட்டுப் படை' நாவலைச் சேர்ந்து வாசிக்க ஆரம்பித்தோம். ஐந்து பாகம், முழுக்கப் போர். அதில் ஈட்டிப் படையில் ஒரு பையன், பெயர் கொளஞ்சி. ராஜா, இளவரசி எல்லாரும் இருந்தும் எங்களுக்கு அவனைத்தான் பிடிக்கும். எங்கள் பக்கத்துப் பெயரை வேறு எந்தச் சரித்திர நாவலிலும் நான் பார்த்ததில்லை. "உன் தம்பி மதில் ஏறிட்டான்", "உன் தம்பிக்குக் காயம்டி" என்றுதான் வேணி பேசுவாள்.

அதனால் முதலில் புத்தகத்தைத்தான் நினைத்தேன். ஆனால் நான் இன்னும் நான்காம் பாகத்தில் இருந்தேன். நான் முடிக்கும்வரை ஐந்தாம் பாகத்தைத் தொட மாட்டேன் என்று வேணி குலசாமி மேல் சத்தியம் செய்திருந்தாள்.

அவளைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. தம்பியின் போன் அணைந்திருந்தது. அம்மாவைக் கூப்பிடக் கை வரவில்லை. "வூட்டுல அவசரம் சார்" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

நான்காம் பாகத்தில் படை வெள்ளத்தைக் கடக்கும் அத்தியாயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். குதிரைகள் மூழ்குவதைத் திரும்பத் திரும்ப ரசித்து வாசித்திருக்கிறேன். இப்போது அரியலூர் பஸ்ஸில் அந்த வரிகள் தானாக ஓடின. வாய்க்குள் தண்ணீர் போவது. கை மட்டும் மேலே தெரிவது. புத்தகம் இருந்த துணிப்பையைக் காலால் சீட்டுக்கு அடியில் தள்ளினேன்.

புது மஞ்சள் கயிறு கட்டியிருந்த பக்கத்து சீட்டு அம்மா, "வாந்தி வருதா பாப்பா?" என்று கேட்டார். தலையாட்டினேன். எலுமிச்சம்பழம் கொடுத்தார். "மோந்து பாரு."

அரியலூரில் இறங்கும்போது வேணி கூப்பிட்டாள்.

"படையல்ல இருந்தேன்டி. ஏன் இத்தன தடவ கூப்புட்டிருக்க?"

"தம்பிக்கு என்னாச்சு?"

"திட்டாத. அஞ்சாவது பாகத்த எடுத்துட்டேன். சத்தியமெல்லாம் போச்சு. பாவம்டி, ஆத்தக் கடக்கையில அம்பு பட்டு..."

"வேணி, என் தம்பி. கொளஞ்சியப்பன். மழபாடிக்குக் குளிக்கப் போயிருக்கான். போன் அணைஞ்சிருக்கு."

"அய்யய்யோ. இரு, அண்ணன அனுப்புறேன். இன்னிக்குத் தண்ணி வேற ஜாஸ்தியா..." நிறுத்திக்கொண்டாள்.

செய்தி புத்தகத்தைப் பற்றியதுதான். ஆனாலும் ஆறு அங்கே ஓடிக்கொண்டிருந்தது. தம்பி அதில் இருந்தான். திருமானூர் பஸ்ஸில் ஏறினேன். கீழப்பழுவூர் தாண்டியபோது தெரியாத எண்ணிலிருந்து போன்.

"அக்கா, வேணியக்காவோட அண்ணன் போன்லேர்ந்து பேசுறேன். கரை முழுக்க என் பேரக் கத்திக்கிட்டு வந்தாரு. மானம் போச்சு."

பஸ்ஸே திரும்பிப் பார்க்க அழுதுகொண்டே கத்தினேன். "போன ஏன்டா அணைச்ச?"

"சார்ஜ் இல்ல. ஆமா, நான் கதையில செத்துட்டனாமே? அடுத்த பாகத்துல உசுரு வந்துருமா?"

"அதான்டா கடைசிப் பாகம்."

"அப்ப அதப் படிக்காத."

"நான் வர்ற வரைக்கும் தண்ணியில எறங்காத."

"கரையிலதான் நிக்கிறேன், அழுவாதக்கா."

திருமானூரில் இறங்கியபோது எலுமிச்சம்பழம் இன்னும் கையில் இருந்தது. துணிப்பையை அரியலூர் பஸ்ஸிலேயே விட்டுவிட்டிருந்தேன். இருக்கட்டும். நான்காம் பாகத்தில் அவன் உயிரோடுதான் இருக்கிறான்.