மாமியாரின் காதில் விழாத பேச்சு

காஸில்தா அம்மாள் வல்லதோலித் நகரத்துப் பள்ளியில் முப்பத்தைந்து வருடம் ஸ்பானிஷ் இலக்கணம் நடத்தி ஓய்வு பெற்றவள். ஓய்வு என்று சொல்வதே தப்பு. பல்கேரியாவிலிருந்து பிளாமென் மாப்பிள்ளையாக வந்து வாய்த்ததும் மறுபடி வேலையில் சேர்ந்துவிட்டாள். அவன் பிழையாகப் பேசினால் அவளுக்குக் காது கேட்காது. சாப்பாட்டு மேசையில் உப்பு வேண்டுமென்றாலும் இலக்கணத்தோடு கேட்டால்தான் வரும்.

மற்றதையெல்லாம் அவன் எப்படியோ சமாளித்துவிட்டான். ஒரு காரியம் நடந்து முடிந்துவிட்டது என்று சொல்லும்போதுதான் வம்பு. பெரும்பாலான வினைச்சொற்கள் விதிக்கு அடங்கும். பத்துப் பன்னிரண்டு தறுதலைகள் அடங்காது. வாயைத் திறந்தால் வருவதெல்லாம் அந்தத் தறுதலைகள்தான்! உடைந்திருக்கிறது என்பதற்கு 'ரோத்தோ' என்று வரவேண்டுமாம். விதியை நம்பிய பாவத்துக்கு இவன் வாயில் 'ரொம்பிதோ' என்றே வரும்.

ஒரு நாள் மத்தியானம் நிறைமாதமாக இருந்த மனைவி நியேவெஸுக்குப் பனிக்குடம் உடைந்தது.

"அம்மாவைக் கூப்பிடுங்க. அம்மா பக்கத்துல இல்லாம நான் பெத்துக்க மாட்டேன்" என்று அவன் கையைப் பிடித்து நெரித்தாள். பிரசவ அறையில் கூடவே நிற்பேன் என்று காஸில்தாவும் சத்தியம் செய்திருந்தாள். பிளாமென் போனை எடுத்தான். பதற்றத்தில் படித்த ஸ்பானிஷ் எல்லாம் பறந்துவிட்டது.

"அத்தை, நியேவெஸ்... தண்ணி... ரொம்பிதோ!"

"என்னது? அப்படி ஒரு வார்த்தையே கிடையாதே மாப்பிள்ளை."

"ஐயோ, சீக்கிரம் அத்தை! ரொம்பிதோ!"

"அவசரம்னா பிழை சரியாயிடுமா? போன வாரம்தான் என் தண்ணி ஜாடியைப் போட்டு உடைச்சீங்க. இன்னிக்கு எதை? நிதானமா யோசிச்சு, சரியான வார்த்தையோட கூப்பிடுங்க."

வைத்துவிட்டாள். மறுபடி கூப்பிட்டான். மதியத் தூக்கத்துக்காகப் போனை அணைத்திருந்தாள். அப்போது அவன் பல்கேரிய மொழியில் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. அதில் ஒரு பிழையும் இல்லை. மாமியார் வீடு ஊரின் மறுகோடியில். வலியோ நிமிஷத்துக்கு நிமிஷம் ஏறியது. டாக்ஸி பிடித்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனான்.

ஒவ்வொரு வலி ஓய்ந்ததும் நியேவெஸ் ஒரே கேள்விதான் கேட்டாள்.

"அம்மா வந்தாச்சா?"

"வந்துட்டே இருக்காங்க" என்று ஒவ்வொரு தடவையும் பொய் சொன்னான். ஐந்தரை மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது.

தூங்கி எழுந்து போனைப் போட்டதும் ஆஸ்பத்திரி நர்ஸ் கூப்பிட்டுச் சொல்ல, ஆறு மணிக்குக் காஸில்தா மூச்சிரைக்க ஓடி வந்தாள். வந்த வேகத்தில் மாப்பிள்ளை மேல் பாய்ந்தாள்.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?"

பிளாமென் குழந்தையின் பக்கம் திரும்பிக்கொண்டான். எதைச் சொன்னாலும் அதிலும் ஒரு குற்றம் கண்டுபிடிப்பாள் என்ற சலிப்பு அவனுக்கு.

"அவர் சொன்னார்மா" என்றாள் நியேவெஸ், கண்ணைத் திறக்காமலே. "நான் பக்கத்துலதான் பல்லைக் கடிச்சிட்டு நின்னேன். அவர் சொல்லிட்டேதான் இருந்தார். நீ திருத்திட்டு இருந்த."

காஸில்தா கதவருகிலேயே நின்றுவிட்டாள். உள்ளே வா என்று மகள் கூப்பிடவில்லை.