போகாத ஊரின் இனிப்பு

போகாத ஊரிலிருந்து இனிப்பு வாங்கிவந்தாக வேண்டும். ஜனவரி மூன்றாம் தேதி காலையில் ஓர்லாவுக்கு இருந்த ஒரே வேலை அதுதான்.

ஓர்லா அயர்லாந்துக்காரி. ஜப்பானில் செட்டோ கடலோரத்துச் சின்ன ஊர் ஒன்றின் நடுநிலைப் பள்ளியில் ஒன்பது வருஷமாக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறாள். சொல்லிக்கொடுக்கிறாள் என்பதே கொஞ்சம் பெரிய வார்த்தை. பாடம் நடத்துவது ஜப்பானிய ஆசிரியர். ஓர்லா பக்கத்தில் நின்று வாசித்துக்காட்டுவாள், பிள்ளைகள் கூடவே சொல்வார்கள். வகுப்பு தொடங்கும்போது எல்லாரும் எழுந்து நின்று, "நலமா இருக்கீங்களா?" என்று ஆங்கிலத்தில் ஒரே குரலில் கேட்பார்கள். நலம் என்பாள். வகுப்புக்கு வெளியே அவளை அப்படிக் கேட்க ஒரு ஆள் கிடையாது.

போன புத்தாண்டுக்கு அவள் ஒரு முட்டாள்தனம் செய்தாள். லீவுக்கு என்ன செய்தீர்கள் என்று ஆசிரியர்களின் பணியறையில் கேட்டதற்கு, "வீட்டுலயே இருந்தேன், தனியா," என்று உண்மையைச் சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து அவள் மேசையில் ஆரஞ்சுப் பழமும் மிச்சப் பண்டிகைப் பலகாரமும் குவிந்தன. எல்லாரும் ஆஸ்பத்திரியில் பேசுவதுபோல மெல்லப் பேசினார்கள். உடற்பயிற்சி ஆசிரியர் மிசோகுச்சி தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். அங்கே குடும்பமே முதுகை வளைக்காமல் உட்கார்ந்து அவள் ஒவ்வொரு வாய் உண்பதையும் பார்த்தது. நல்ல மனுஷர்கள்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் பாவம் பார்க்கிறவர்கள் நடுவில் உட்கார்ந்து சாப்பிடுவதைவிடப் பட்டினி கிடக்கலாம் என்று ஓர்லாவுக்கு அன்றைக்குத் தோன்றியது.

அதனால் இந்த டிசம்பரில் மிசோகுச்சி கேட்டதும் பட்டென்று சொன்னாள்: "கானசாவா போறேன். தோழிகூட."

"அடேங்கப்பா! பனியும் நண்டும்! கொடுத்துவெச்சவங்க நீங்க!"

தோழி கிடையாது. கானசாவா, அவள் ரயில் நிலையத்துச் சுவரொட்டியில் மட்டும் பார்த்த ஊர். ஆனால் பொய் சொன்னவளுக்கு அதோடு வேலை முடியவில்லை. மிசோகுச்சியின் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். ஊரில் இல்லாதவள் வீட்டில் விளக்கு எரியலாமா? லீவு முழுக்க ஓர்லா திரையை இழுத்துவிட்டு, கீழே சூடு வரும் மேசைக்குள் காலை நுழைத்துக்கொண்டு, டிவியை ஊமையாக வைத்துப் பார்த்தாள். சொந்த வீட்டில் திருடியைப்போல நடந்தாள். புத்தாண்டன்று அண்ணனுக்கு போன் செய்தாள், அவன் எடுக்கவில்லை. இரண்டாம் தேதி, அடுத்த ஸ்டேஷனில் இறங்கிக் கடைக்குப் போய், அங்கிருந்த பையனிடம் "நன்றி" சொன்னபோது குரல் கரகரத்தது. அத்தனை நாள் வாயையே திறக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மிச்சமிருந்தது இனிப்பு. வெளியூர் போய்வந்தவர் பணியறைக்கு அந்த ஊர் இனிப்பு கொண்டுவராமல் இருந்தால், ஒன்று கஞ்சன், இல்லையென்றால் போகவே இல்லை. பக்கத்துப் பெருநகரமான ஒகயாமாவில், ஸ்டேஷனை ஒட்டிய டிபார்ட்மென்ட் ஸ்டோரின் எட்டாவது மாடியில் கானசாவாப் பக்கத்துப் பண்டங்களெல்லாம் விற்கும் சந்தை போட்டிருந்தார்கள். ஓர்லா தொப்பியும் முகமூடியும் மாட்டிக்கொண்டு ரயிலேறினாள்.

பயறுப் பூரணம் வைத்த இனிப்பு, ஒவ்வொன்றும் தனிக் காகிதத்தில். பணியறைக்கே போதுமான பெரிய பெட்டி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அவள் கை வைத்தாள். அதே நேரம் எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு கையும் வந்து பெட்டியைப் பிடித்தது. சாம்பல் நிறக் கோட்டு. முகமூடி. அதற்குமேலே தெரிந்த கண்களை ஓர்லாவுக்கு நன்றாகத் தெரியும்.

"ஓர்லா சென்சே," என்றது முகமூடி. பள்ளியில் ஆசிரியர்களைக் கூப்பிடுவது அப்படித்தான்.

துணைத் தலைமையாசிரியை குராமொச்சி. முதலில் வந்து கடைசியில் போகிறவர். அவருடைய பல்லை யாரும் பார்த்ததில்லை என்று மிசோகுச்சி கிண்டலடிப்பார். கானசாவாவுக்குப் பக்கத்து வெந்நீர் ஊற்றுக்குக் கணவரோடு போவதாக எல்லாரிடமும் சொல்லியிருந்தார். ஒகயாமாவில் எட்டாவது மாடியில் நின்றுகொண்டிருக்கிறார்.

ஓர்லாவுக்குக் காதுவரை சூடேறியது. ஓடிவிடலாமா என்று பார்த்தாள். பெட்டியிலிருந்து கை வரவில்லை.

"கானசாவா எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார் குராமொச்சி. குரலில் ஒரு பிசிறு இல்லை.

"குளிருதான், சென்சே. உங்க வெந்நீர் ஊத்து?"

"நல்ல சூடு."

இரண்டு பேரும் பெட்டியைப் பார்த்தார்கள். முகமூடிக்குள் குராமொச்சியின் கன்னம் ஆட ஆரம்பித்தது. முதலில் அழுகிறாரோ என்று ஓர்லா பயந்துபோனாள். சிரிப்பு.

"நீங்க எடுத்துக்கோங்க."

"ஐயையோ, நீங்க எடுங்க சென்சே."

"பரவால்ல, வயசுல சின்னவங்க நீங்க. நீங்க எடுங்க."

"பதவியில பெரியவங்க நீங்க."

விற்பனைப் பெண் தலையை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தாள். "அது ஒண்ணுதாங்க இருக்கு. சின்னப் பெட்டி வேணா தரட்டுங்களா?"

சின்னப் பெட்டி பாதிப் பேருக்குத்தான் காணும். குராமொச்சி ஒரு நொடி யோசித்தார். பள்ளி ஆண்டுவிழாவுக்கு மழை வந்தால் என்ன செய்வது என்று முடிவெடுக்கும்போது வரும் முகம்.

"ஒரே பெட்டி. ரெண்டு பேரும் சேர்ந்து குடுப்போம். கானசாவாவுல எதேச்சையா பார்த்துக்கிட்டோம்."

"எங்க பார்த்தோம்?"

"பெரிய தோட்டத்துல. குளத்தோரம் கல்விளக்கு இருக்கே, எல்லாரும் போட்டோ எடுப்பாங்களே, அங்க. நேத்து. காலையில பனி, மத்தியானம் விட்டுருச்சு. ஞாபகம் வெச்சுக்கோங்க."

அப்புறம் ஒன்பதாவது மாடியில் நூடுல்ஸ் சாப்பிட்டார்கள். போகாத ஊரைப் பற்றி அத்தனை நேரம் பேசியவர்கள் உலகத்தில் வேறு யாரும் இருக்கமாட்டார்கள். பனியின் பாரத்தில் கிளை ஒடியாமல் இருக்கப் பைன் மரங்களுக்குக் குடைபோலக் கயிறு கட்டியிருக்கும் என்றார் குராமொச்சி. கல்யாணமான புதிதில் ஒருமுறை போயிருக்கிறாராம்.

"வீட்டுக்காரர் நாகோயாவுக்கு மாத்தலாகிப் போனார்," என்றார், கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே. "மாத்தல் முடிஞ்சுபோச்சு. அவர் வரல. அங்க வேற வீடு, வேற ஆளு. நாலஞ்சு வருஷம் ஆகுது."

"ஸ்கூல்ல யாருக்கும் தெரியாதா?"

"தெரிஞ்சா பாவம் பார்ப்பாங்க. அது எப்படி இருக்கும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?"

ஓர்லா தலையாட்டினாள். சொல்ல வேண்டியதில்லை.

பிரியும்போது குராமொச்சி பெட்டியைத் திருப்பி அடிப்பக்கத்தைக் காட்டினார். கடையின் பெயரும் சந்தையின் பெயரும் போட்ட ஒட்டுச்சீட்டு. "இதுலதான் மாட்டிக்குவோம். நகத்தால சுரண்டக் கூடாது, பிசுக்கு நிக்கும். ஹேர் டிரையரைக் கொஞ்சம் காட்டினா அப்படியே உரிஞ்சு வந்துரும். நான் பாத்துக்கறேன்."

இந்த வித்தை ஒரு நாளில் வருவதில்லை. எத்தனை புத்தாண்டுக்கு, எத்தனை பெட்டிக்கு இப்படிச் சூடு காட்டினாரோ என்று ரயிலில் வரும்போது ஓர்லா எண்ணிப் பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் திரையைத் திறந்து விளக்கைப் போட்டாள். ஊரிலிருந்து வந்தாயிற்று அல்லவா.

மறுநாள் பணியறையில் பெட்டிக்கு முன்னால் கூட்டம்.

"ரெண்டு பேரும் கானசாவாவுலயா? பொய் சொல்லாதீங்க!" என்றார் மிசோகுச்சி, வாயில் இனிப்போடு. ஓர்லா பார்வையைப் பெட்டிக்குத் திருப்பினாள். "அது சரி, எங்க ஆளு எப்படி இருக்காரு? குராமொச்சி சென்சே வீட்டுக்காரரைப் பார்த்தீங்களா ஓர்லா சென்சே?"

குராமொச்சியின் பேனா நின்றது. இப்போது வாயைத் திறக்க வேண்டியது தான்தான் என்று ஓர்லாவுக்குப் புரிந்தது.

"பார்த்தேனே. தங்கமான மனுஷர். நண்டு மட்டும் ரெண்டு தட்டு சாப்பிட்டாரு."

"நண்டா?" மிசோகுச்சி மெல்லுவதை நிறுத்தினார். "நான் அவரோட ஸ்கூல்ல ஒண்ணாப் படிச்சவன்யா. அவருக்கு நண்டு ஆகாதே! உடம்பெல்லாம் தடிச்சுப்போயிருமே!"

"தடிச்சுதான் போச்சு," என்றார் குராமொச்சி, தலை நிமிராமல். "சொன்னா கேட்டாத்தானே. மிச்ச லீவு முழுக்க ரூமுலயே படுத்துக் கெடந்தாரு."

பணியறையே சிரித்தது. அன்றைக்கு மிசோகுச்சியும் மற்றவர்களும் குராமொச்சியின் பல்லைப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் அதைப் பற்றி நேராகப் பேசிக்கொண்டதே இல்லை. ஆனால் குராமொச்சி நடைகூடத்தில் எதிரே வரும்போது, "தோட்டத்துல இப்ப பனி உருகியிருக்கும்," என்பார். "கயிறெல்லாம் அவிழ்த்திருப்பாங்க சென்சே," என்பாள் ஓர்லா. அவ்வளவுதான் உறவு. அந்த அவ்வளவு, ஒன்பது வருஷத்தில் அவளுக்கு வேறு யாரிடமும் கிடைக்காதது. காலையில் பள்ளிக்கு நடக்கும்போது இன்றைக்கு என்ன சொல்வார் என்று யோசித்துக்கொண்டே போவாள்.

மார்ச் கடைசியில் மாற்றல் உத்தரவு வந்தது. குராமொச்சிக்கு வடக்கே மலையோரப் பள்ளி. விடைபெறும் நாளில் எல்லார் மேசையிலும் ஒரு இனிப்பு வைத்துக் குனிந்து வணங்கினார், ஓர்லாவுக்கும் அப்படியே. போன் நம்பர் கேட்டிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஒன்பது வருஷத்தில் ஓர்லா கற்றுக்கொண்ட பாழாய்ப்போன பழக்கம், கேட்காமல் இருப்பது. குராமொச்சிக்கோ அது பிறவியிலேயே இருந்தது.

மறுபடி டிசம்பர். மறுபடி மிசோகுச்சி.

"கானசாவா," என்றாள் ஓர்லா.

"மறுபடியுமா? குராமொச்சி சென்சேயும் வர்றாங்களா?"

"தெரியல," என்றாள். இந்தத் தடவை அதில் பொய் இல்லை. டிக்கெட் வாங்கியாயிற்று. நிஜமாகவே போகப்போகிறாள். போனால் ஒருவேளை அவரும் வந்திருக்கலாம் என்று ஒரு எண்ணம். பைத்தியக்கார எண்ணம்தான். வாய்விட்டுச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் அந்த எண்ணம்தான் அவளை ரயிலேற்றியது.

தோட்டத்தில் குராமொச்சி சொன்னது எல்லாம் இருந்தது. கயிற்றுக் குடை பிடித்த பைன் மரங்கள், குளம், கல்விளக்கு. இரண்டாம் தேதியும் நின்றாள், மூன்றாம் தேதியும் நின்றாள். சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட பெண்மணி எவர் வந்தாலும் முகத்தைப் பார்த்தாள். அப்படி ஒருவர் நேராக அவளிடமே வந்தார். "கொஞ்சம் போட்டோ எடுத்துத் தர்றீங்களா?" என்று கேட்டு, கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு விளக்கருகே நின்றார். எடுத்துக்கொடுத்தாள். கால் மரத்துப்போகும்வரை நின்றுவிட்டு, ஸ்டேஷனில் அதே இனிப்பில் ஒரு பெரிய பெட்டி வாங்கிக்கொண்டு கடைசி ரயிலைப் பிடித்தாள்.

மறுநாள் காலை அவள் பெட்டியை மேசையில் வைத்துக்கொண்டிருந்தபோது கூரியர் ஆள் ஒரு பார்சலோடு வந்தான்.

"அட, குராமொச்சி சென்சே அனுப்பியிருக்காங்க! எல்லாருக்கும்னு போட்டிருக்கு," என்று மிசோகுச்சி பிரிக்கப்போனார்.

"குடுங்க, நான் பிரிக்கிறேன். அப்படியே டீ போட்டு எடுத்துட்டு வர்றேன்." ஓர்லா அதைப் பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டு தேநீர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

உள்ளே அதே இனிப்பு, அதே பெரிய பெட்டி. திருப்பிப் பார்த்தாள். ஒகயாமா, எட்டாவது மாடி. ஒட்டுச்சீட்டு அப்படியே இருந்தது.

ஹேர் டிரையர் வித்தை தெரிந்தவர் இதை மறந்தார் என்றால் யார் நம்புவார்கள்? உரிக்காமல் விட்டிருக்கிறார். வேறு யாருக்கும் இல்லை, அவளுக்கு. பார்சல் சீட்டில் நேற்றைய தேதி, சாயங்கால நேரம். காலையிலேயே விற்றுத் தீர்ந்துபோகும் பெட்டி அது. காலையில் வாங்கியதைக் கையில் வைத்துக்கொண்டு, கடை மூடும் நேரம்வரை அந்த எட்டாவது மாடியில் நின்றிருக்கிறார். தொப்பியும் முகமூடியும் போட்ட வெள்ளைக்காரி எவள் வந்தாலும் முகத்தைப் பார்த்திருப்பார். மலையிலிருந்து அத்தனை தூரம் இறங்கி வந்து.

ஓர்லா கெட்டிலைப் போட்டாள். தண்ணீர் கொதித்ததும் பெட்டியின் அடிப்பக்கத்தை ஆவியில் காட்டினாள். கண்ணாடி ஜன்னலும் அவள் கண்ணும் சேர்ந்து மங்கின. சீட்டு கொஞ்சமும் கிழியாமல், பிசுக்கு இல்லாமல் உரிந்து வந்தது. அதை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது பணியறை மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

"ஒரே ஊரு, ஒரே இனிப்பு!" என்றார் மிசோகுச்சி. "மறுபடியும் அங்க பார்த்துக்கிட்டீங்களா?"

"பார்த்துக்கிட்டோம்," என்றாள் ஓர்லா. "அந்தக் கல்விளக்குக்கிட்ட. எனக்கு முன்னாடியே வந்து நின்னுட்டிருந்தாங்க, பாவம். ரொம்ப நேரமா."