சொல்லிட்டுப் போற மரியாதை

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. சென்னை பஸ்களிலும் பாதி ஊருக்குள் வராமல் நாலு ரோட்டோடு ஓடிவிடும். பஸ்ஸுக்கே பிடிக்காத ஊரில் தான் மட்டும் ஏன் கிடக்க வேண்டும் என்று சத்யப்பிரியா பன்னிரண்டாவது முடித்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டதெல்லாம் மனதுக்குள்தான்.

இரண்டு வருடமாகக் கடைவீதி ஜவுளிக்கடையில் வேலை. நாள் முழுக்க நின்றபடி சேலையைப் பிரித்துப் போட வேண்டும், மடித்து வைக்க வேண்டும், மறுபடி பிரித்துப் போட வேண்டும். சேர்ந்த அன்றே முதலாளி அவளுடைய ஒரிஜினல் மார்க் ஷீட்டை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். அங்கே எல்லாப் பெண்களுக்கும் அதே கதைதான். பாதியில் ஓடிவிடக் கூடாதாம். மாட்டுக்கு மூக்கணாங்கயிறு என்றால் இவர்களுக்குக் காகிதம்.

ஆனி மாதத்தில் ஒரகடம் பக்கத்து செல்போன் கம்பெனி ஒன்று ஆள் எடுத்தது. சத்யப்பிரியா தேர்வாகிவிட்டாள். புதன்கிழமை காலை நாலு ரோட்டில் கம்பெனி பஸ் வரும். ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் உண்டு. ஒரிஜினல் இல்லாதவர்களை மட்டும் ஏற்ற மாட்டார்கள்.

அவள் விவரமான பெண். வேலைவாய்ப்பு ஆபீஸில் பதியணும், ஒரு நாள் குடுங்க சார் என்று முதலாளியிடம் கேட்டாள்.

"திங்கக்கெழம வாங்கிக்க. சாயங்காலமே திருப்பிக் கொண்டாந்துரணும்" என்றார். தப்பித்தோம் என்று இருந்தது அவளுக்கு.

சனிக்கிழமை அம்மா பாப்பாயியிடம் வேலை கிடைத்ததைச் சொன்னாள். வெங்காயக் காட்டில் கூலிக்குக் குனிந்தே முதுகு வளைந்தவள், மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். யாரிடமும் மூச்சு விடாதே என்று சொல்ல சத்யப்பிரியாவுக்குத் தோன்றவில்லை. கடைக்கும் அம்மாவுக்கும் என்ன சம்பந்தம் என்று இருந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கடை அரை நாள். மதியம் அவள் வீடு வந்தபோது, அம்மாவும் அப்போதுதான் எங்கோ போய்விட்டு வந்து நின்றாள். கையில் எவர்சில்வர் தட்டு, தட்டில் புதுச் சேலை.

"மொதலாளி வூட்டுக்குத்தாண்டி போயிட்டு வரேன். வெத்தல பாக்கு, பழம் வச்சுக் குடுத்தேன். எம் பொண்ணு புதங்கெழம மெட்ராஸ் பக்கம் வேலைக்குப் போவுது, ரெண்டு வருசம் நல்லபடியா வச்சிருந்தீங்கன்னு சொன்னேன். ஒக்காரச் சொன்னாருடி, நாற்காலியில! தட்ட வெறுமனே அனுப்பக் கூடாதுன்னு சேல வேற!"

பாப்பாயியின் அப்பனும் பாட்டனும் பண்ணையில் கிடந்தவர்கள். வேறு காட்டுக்கு வேலைக்குப் போவதென்றாலும் பண்ணைக்காரர் வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். அந்தப் பண்ணையும் இல்லை, வாசலும் இல்லை. அம்மாவின் கால்களுக்குத்தான் வழி மறக்கவில்லை.

"அறிவிருக்காம்மா ஒனக்கு?" என்று சத்யப்பிரியா கத்தினாள்.

பாப்பாயிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "சொல்லாமக் கொள்ளாமப் போறதுக்கு நாம என்ன திருடிட்டா ஓடுறோம்?" என்றாள்.

திங்கட்கிழமை முதலாளி சிரித்த முகமாகவே இருந்தார். "அம்மா வந்து எல்லாம் சொன்னாங்க. ரொம்ப சந்தோசம்மா. தீவாளி முடியட்டும், நானே எடுத்துத் தரேன்."

ஆடி கூட இன்னும் பிறக்கவில்லை.

ஜெராக்ஸைக் காட்டி ஏறிவிடலாம் என்று ஒரு நப்பாசை. அதனால் அம்மாவிடம் அவள் எதையும் சொல்லவில்லை. புதன்கிழமை பாப்பாயி அந்தப் புதுச் சேலையைக் கட்டிக்கொண்டு, திருநீறு பூசி வழியனுப்பினாள்.

பஸ்ஸருகே பட்டியலோடு நின்றவன் நல்ல மாதிரிதான். ஜெராக்ஸை இரண்டு முறை புரட்டினான். "ஒரிஜினல் வந்ததும் அடுத்த பேட்ச்ல பாக்கலாம்மா" என்றான். அடுத்தது எப்போது என்று அவனுக்கும் தெரியவில்லை. பஸ் சென்னைப் பக்கம் போய்விட்டது.

அவள் பையோடு நேரே கடைக்குப் போய்ச் சேலை மடித்தாள். அம்மாவுக்குக் கொடுத்த அதே ரகத்தில் இன்னும் பதினோரு சேலைகள் கிடந்தன. இரண்டு வருடமாக யாரும் எடுக்காத ரகம்.

கடை விட்டு வந்து வாசலில் பையை வைத்தாள். பாப்பாயியின் முகம் செத்துவிட்டது. நடந்ததைக் கேட்டுவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப, கடைக்குப் போனியா?"

"போனேன்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அம்மா மெதுவாகக் கேட்டாள்: "லேட்டாப் போனதுக்கு மொதலாளி ஒண்ணும் கோவிச்சுக்கலியே?"