எண்ணெய்க்கு ஐந்து விநாடி

மெர்வ் டாட்லோவின் பென்சிலைப் பிடுங்கி ஒடித்துப்போட வேண்டும் என்று இந்தக் கோடை முழுக்க எனக்குக் கை அரித்தது. ஒடிக்கவில்லை. அதற்குப் பதில் நான் செய்த காரியத்தை நினைத்தால் ஒடித்திருக்கலாம் என்றே தோன்றுகிறது.

டாஸ்மேனியாத் தீவின் வடமேற்கில் எங்கள் ஊர்களில் விவசாயக் கண்காட்சி என்றால் மரவெட்டுப் போட்டி இல்லாமல் நடக்காது. கிடத்திய கட்டைமேல் ஏறி நின்று, இரண்டு பாதங்களுக்கும் நடுவே கோடாலியை இறக்கி, ஒரு பக்கம் பாதி, திரும்பி நின்று மறுபக்கம் பாதி என்று வெட்டித் துண்டாக்க வேண்டும். நானும் வெட்டியவன்தான். இடது காலில் இரண்டு விரல்களைக் கோடாலிக்குக் கொடுத்த பிறகு எண் சொல்பவனாகிவிட்டேன். ஐவர் என்பது என் பெயர்; ஐவர் எண்ணினால் கடிகாரமே வேண்டாம் என்று ஊரில் சொல்வார்கள்.

விநாடிக்கு ஒரு எண் சொல்வேன். சுமாராக வெட்டுபவர் நான் மூன்று சொன்னதுமே தொடங்கலாம். கை தேறத் தேற அதிக நேரம் காத்திருக்க வேண்டும். ஏழு, பத்து, பதினைந்து என்று அவரவருக்கு உரிய எண் வரும்வரை கோடாலியை ஓங்கியபடி நிற்க வேண்டும். அதனால்தான் கிழவனும் இளைஞனும், ஆணும் பெண்ணும் ஒரே வரிசையில் நிற்க முடிகிறது. யாருக்கு எந்த எண் என்று போடுவது மெர்வின் வேலை. முந்தைய போட்டிகளில் எடுத்த நேரத்தைப் பார்த்துத்தான் போட வேண்டும், வேறு எதையும் பார்க்கக் கூடாது என்பது மரவெட்டுச் சங்கத்தின் விதி.

நெரிடா ஸ்டாக்கின் எண் பதினொன்று. பால்பண்ணையில் விடிகாலை நாலரைக்கு மாடுகளை ஓட்டிவந்து கறப்பவள், முப்பத்தெட்டு வயது. மூன்றில் தொடங்கி ஒவ்வொரு விநாடியாக அந்தப் பதினொன்றுக்கு வர அவளுக்கு ஒன்பது வருடம் ஆனது. எங்கள் கண்காட்சிகளில் அவ்வளவு பின்னால் நிறுத்தப்படும் ஒரே பெண் அவள்தான். சிலர் பெயருக்குப் பின்னால் பட்டம் போட்டுக்கொள்வார்கள். அவளுக்கு அந்த எண்.

இரண்டு வருடம் முன்பு வலது தோள் தேய்ந்துபோனது. படுத்தால் வலி பிடுங்கித் தின்றது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே இரவுகளைக் கழித்தாள். மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கியது. அதன் பிறகு டாக்டர் எழுதிக் கொடுத்ததுதான் சிபிடி எண்ணெய். கஞ்சாச் செடியிலிருந்து எடுப்பது. போதை ஏற்றும் சரக்கு எதுவும் அதில் கிடையாது. கஞ்சாவில் உள்ள மற்றதெல்லாம் விளையாட்டுக்காரர்களின் தடைப் பட்டியலில் இருக்கிறது, இது ஒன்று மட்டும் இல்லை. அவளே தேடிப் படித்துவிட்டுத்தான் தொட்டாள்.

போட்டி முடிந்து வீடு போனதும் தோளுக்குப் பனிக்கட்டி, கதவுப் பிடியில் ரப்பர் பட்டையைக் கட்டி இருபது இழுப்பு, உப்புக் கரைத்த வெந்நீர்த் தொட்டி, வயிறு நிறைய ஆட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும், கடைசியில் நாக்குக்கு அடியில் எண்ணெய், ஒன்பது மணிக்குப் படுக்கை. வேலை செய்வது எண்ணெயா வெந்நீரா என்று கேட்டேன். தெரியாது என்றாள். படுத்துத் தூங்க முடிகிறது, அது போதும் என்றாள்.

ஒளித்துச் செய்யவும் இல்லை. கோடை நடுவில், ஜனவரியில், ஒரு போட்டி முடிந்த கையோடு தோள் துடித்தது. கூடாரத்தில் எல்லார் முன்னாலும் குப்பியைத் திறந்தாள். மெர்வ் பார்த்தான். அடுத்த வாரம் பலகையில் ஒட்டிய பட்டியலில் அவள் பெயருக்கு நேரே பதினாறு என்று இருந்தது. நாற்பது விநாடியில் முடிகிற போட்டியில் ஐந்து விநாடி என்றால் அது சும்மா விஷயமா? நேராக அவனிடம் போய்க் கேட்டாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"தடை ஒண்ணும் போடலையே செல்லம்," என்றான் மெர்வ். "அஞ்சு விநாடிதான். உள்ள எண்ணெய் போகுதுல்ல, அதுக்கு ஏதாவது போடணுமா இல்லையா?"

"எண்ணெய் மரம் வெட்டாது மெர்வ்."

"அப்ப எதுக்குக் குடிக்கிற?"

"தூங்குறதுக்கு."

"தூங்கி எந்திரிச்சா நல்லா வெட்ட வரும்ல? அதைத்தானே நானும் சொல்றேன்."

கூடாரமே சிரித்தது. சிரித்தவர்களின் யோக்கியதை எனக்குத் தெரியும். ஒருவன் தேநீரில் பாதி ரம். இன்னொருவன் முழங்காலில் ஊசி போட்டுக்கொண்டு நேரே வரிசைக்கு வந்தவன். வலி மாத்திரை அட்டை மிட்டாய் மாதிரி கைமாறிக்கொண்டிருந்தது. மெர்வே அதில் இரண்டைப் பிதுக்கி வாயில் போட்டுக்கொண்டான். இவர்களில் ஒருவனுக்காவது ஒரு விநாடி கூடியதா? தூக்கத்துக்கு ஐந்து விநாடி என்றால் நல்ல மெத்தைக்கு எத்தனை, குறட்டை விடாத புருஷனுக்கு எத்தனை?

இதில் அவள் தப்பிக்கவும் வழியில்லை. தோற்றால் எண் சரியாக இருக்கிறது என்பான். ஜெயித்தால் எண்ணெய் வேலை செய்கிறது என்பான்.

"எனக்குக் கோப்பை வேணாம் ஐவர்," என்றாள் வண்டி நிறுத்துமிடத்தில். "என் பதினொண்ணு வேணும். அது நான் வெட்டிச் சம்பாதிச்சது."

அதற்கு அவள் கண்டுபிடித்த வழிதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஈஸ்டர் கண்காட்சியோடு போட்டிப் பருவம் முடிகிறது. அதுவரை நான்கு வாரம் எண்ணெயைத் தொடப் போவதில்லை என்று மெர்விடமே சொன்னாள். எண்ணெய் இல்லாமலும் அதே நேரத்தில் வெட்டிக் காட்டினால் அவன் வாயை மூடித்தானே ஆக வேண்டும்? மறுபடியும் நாற்காலித் தூக்கம். பண்ணைக்காரர் என்னிடம், அவள் மாட்டின்மேல் சாய்ந்துகொண்டே கண்ணயர்கிறாள் என்றார். விட்டுவிடு என்று நான் இரண்டு முறை சொன்னேன். வீம்பு பிடித்தவள், கேட்கவில்லை.

ஈஸ்டர் சனிக்கிழமை காலை முதல் சுற்று. கண் இரண்டும் குழிக்குள் போயிருந்தன. முதல் வெட்டிலேயே தோள் பிடித்துக்கொண்டது எனக்குத் தெரிந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினாள். என் கடிகாரத்தில் நாற்பத்தொரு விநாடி. ஜனவரியில் எண்ணெயோடு எடுத்ததும் அதே நாற்பத்தொன்று. கடிகாரத்தை மெர்வின் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

அவன் நிதானமாகப் பார்த்தான். "தூக்கம் இல்லாம, தோள் வலியோடயே இந்த நேரமா?" என்றான் நெரிடாவிடம். "அப்ப உண்மையிலேயே நீ பதினாறுதான் செல்லம். எண்ணெயாலன்னு நான்தான் தப்பா நினைச்சுட்டேன். எண் சரியாத்தான் இருக்கு."

நெரிடா கோடாலி முனையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஒரு மனுஷியை நான்கு வாரம் தூங்கவிடாமல் வதைத்துவிட்டு, அந்த வதையையே அவள் தலையில் கட்டுகிறானே என்று எனக்கு ரத்தம் கொதித்தது. அப்போதுதான் அந்த யோசனை வந்தது.

மதியம் இறுதிப் போட்டி. ஆறு பேர். மூன்றில் இரண்டு பேர், பிறகு ஐந்து, ஏழு, பத்து. கடைசியாக நெரிடா மட்டும் பதினாறில். பத்துக்கும் பதினாறுக்கும் நடுவே ஆளே இல்லை. எண் சொல்பவன் வாயில் வருவதுதான் எண். அதை மறுக்க மெர்வுக்கும் அதிகாரம் கிடையாது.

எண்ணத் தொடங்கினேன். மூன்றில் சில்லுகள் பறந்தன. ஐந்து, ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. அடுத்த விநாடி, பதினொன்று வர வேண்டிய இடத்தில், உரக்கச் சொன்னேன்:

"பதினாறு."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. நெரிடாவின் கோடாலி தலைக்குமேல் இருந்தது. இறக்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு கட்டையைப் பார்த்தபடி உதட்டை அசைத்தாள், அவளே எண்ணிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு, பதின்மூன்று. அந்தத் தோளோடு கோடாலியை ஓங்கியபடி நிற்பது என்னவென்று எனக்குத் தெரியும். பதினாறுக்கு வந்த பிறகுதான் முதல் வெட்டு விழுந்தது.

அதன் பிறகு அவள் வெட்டியது மாதிரி வேறு யாரும் வெட்டி நான் பார்த்ததில்லை. ஆனாலும் மூன்றில் தொடங்கிய ஆஷ்டன் என்ற தச்சனின் கட்டை விழுந்தபோது அவளுடைய கடைசி வெட்டு காற்றில் இருந்தது. ஒரே ஒரு வெட்டு வித்தியாசம். ஆஷ்டன் கோப்பையை வாங்கும்போதுகூட அவள் பக்கம் பார்க்கவில்லை.

மெர்வுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு வெட்டு வித்தியாசத்தில் முடிகிற மாதிரி எண் போட இந்தத் தீவில் வேறு யாரால் முடியும் என்று மேசை மேசையாகக் கேட்டுக்கொண்டு போனான்.

நெரிடா வண்டிக்குப் போய்க் குப்பியை எடுத்துவந்தாள். அவன் முன்னால் நின்று, நாக்கைத் தூக்கி, எண்ணெயை விட்டு, மூடியைத் திருகினாள். "பார்த்துக்கோ மெர்வ். இன்னிக்கு நான் படுத்துத் தூங்கப் போறேன். என்ன எழுதணுமோ எழுதிக்கோ."

அவன் சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு வரவில்லை. நான் அவள் பின்னாலேயே போனேன். உனக்கு நியாயம் செய்யத்தான் அப்படிச் சொன்னேன், அந்த ஐந்து விநாடியை எடுத்திருந்தால் ஜெயித்திருப்பாயே என்றேன். என்னை அவள் பார்த்த பார்வைக்கு மெர்வைப் பார்த்தது எவ்வளவோ மேல்.

"இத்தனை நாள் எண்ணெய் வெட்டுச்சுன்னான்," என்றாள். "இன்னிக்கு ஜெயிச்சிருந்தா ஐவர் வெட்டினான்னு சொல்லியிருப்பான். நான்தான் வெட்டினேன்னு உங்கள்ல ஒருத்தராவது எப்ப சொல்லுவீங்க?"

அவள் கோடாலியை உறையில் போட்டு, வலிக்காத கையில் தூக்கிக்கொண்டு, சாயங்கால மாடுகளைக் கறக்கப் போய்விட்டாள்.