கொதிக்க வைக்காத தண்ணீர்

நான் ஆராய்ச்சி செய்த கிருமிக்கு சால்மோனெல்லா என்று பெயர். முட்டை, கறி, கெட்ட தண்ணீர் என்று எதிலாவது தொற்றிக்கொண்டு மனிதக் குடலுக்குள் போய்ச் சேர்ந்துவிடும். அதனிடம் நாலாயிரத்துச் சொச்சம் ஜீன்கள் இருக்கின்றன. எல்லாம் எல்லா நேரமும் வேலை செய்வதில்லை. சூடு வந்தால் சில, பசி வந்தால் சில, புளிப்பு வந்தால் சில என்று தேவைக்குத்தான் விழிக்கும். எது எப்போது விழிக்கிறது, எவ்வளவு விழிக்கிறது என்று அளந்து எழுதுவது ஐந்து வருடமாக என் வேலை.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே இருக்கிறது. தெருவிலிருந்து பி.எச்.டி. படிக்கப் போன முதல் ஆள் நான்தான். தாத்தா பண்ணையாள், அப்பா குத்தகைச் சாகுபடி, பேத்தி ஆராய்ச்சிக்காரி என்று சொல்லாமல் எந்தப் பேச்சாளரும் எங்கள் ஊர் மேடையை விட்டு இறங்கியதில்லை. கேட்கும்போதெல்லாம் எனக்கும் உச்சி குளிர்ந்துதான் போகும்.

ஆராய்ச்சிக்கு நான் எடுத்துக்கொண்டது எங்கள் வீட்டுப் பழையதை. சோற்றில் தண்ணீர் ஊற்றி ஒரு ராத்திரி ஊற வைத்தால் காலையில் புளித்திருக்குமே, அந்த நீச்சத்தண்ணி. ஆய்வகத்தில் வளர்த்த சால்மோனெல்லாவை அதில் விட்டுப் பார்த்தேன். ஆறு மாதம், முப்பது தடவை. ஒவ்வொரு தடவையும் இரண்டு மணி நேரத்தில் அத்தனையும் செத்தன. என் வழிகாட்டி பேராசிரியர் கமருன்னிஸா முடிவுகளைப் பார்த்துவிட்டு, "நல்லா வந்திருக்கு. ஆனா இதோட முடிச்சுடாத, வேற மாதிரியும் செஞ்சு பாரு" என்றார். நான் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறினேன். ஏனென்றால் ஊரில் போராட்டம் நடந்துகொண்டிருந்தது.

எங்கள் தெருக்காரர்கள் மூன்று தலைமுறையாகக் குத்தகைக்கு உழுத மடத்து நிலத்தை, மடம் இறால் பண்ணைக்கு மாற்றிக் கொடுக்கப் பார்த்தது. ஒரு தடவை உப்புத் தண்ணீர் ஏறிவிட்டால் பிறகு அந்த மண்ணில் நெல் விளையாது. இரண்டு கழகங்களிலிருந்தும் ஆட்கள் மாறி மாறி வந்தார்கள். தோள் துண்டைச் சரிசெய்துகொண்டு, ஒரு பிடி மண்கூடப் போகாது என்றார்கள். அப்படிச் சொல்லிவிட்டுப் போன கார் எதுவும் திரும்பி வரவில்லை. அறுவடை முடிந்த வயலின் ஓரத்தில் பந்தல் போட்டு நூற்றுச் சொச்சம் பேர் உட்கார்ந்திருந்தார்கள். பந்தலுக்குப் பெரியவர் எழுபது வயது உத்திராபதி. சமையலுக்கு என் அம்மா காத்தாயி.

பன்னிரண்டாம் நாள் மடத்துக் காவல்காரர் மருதையன் வந்து பம்புசெட்டின் பியூஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு போனார். அவரும் எங்கள் தெருக்காரர்தான். அதனால் மடத்தைவிட அவர்மேல்தான் எல்லோருக்கும் ஆத்திரம். குடிக்கிற தண்ணீரை ஒன்றரை மைலுக்கு அப்பால் இருந்த குழாயிலிருந்து குடங்களில் தூக்கி வந்தோம். மற்றதற்கெல்லாம் வாய்க்கால். மாசி மாதம் அது. அணையை மூடிவிட்டார்கள். வாய்க்காலில் கிடந்தது தேங்கிய தண்ணீர், அதில் ஒரு வாத்துக்கூட்டம். அறுத்த வயலில் சிந்திய நெல்லுக்காக எங்கிருந்தோ ஓட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.

அன்று சாயங்காலம் பந்தலில் உத்திராபதி பேசிக்கொண்டிருந்தார். எல்லோரும் அங்கே இருந்தார்கள். பின்னால் அடுப்படியில் நானும் அம்மாவும் மட்டும். மதியம் வடித்ததில் ஒரு அண்டாச் சோறு மீதி. மறுநாள் காலைக்குப் பழையதாக ஊற வைக்க வேண்டும். விறகு தீர்ந்திருந்தது.

"வாத்து எறங்குன தண்ணி. கொதிக்க வெச்சு ஆத்தித்தான் ஊத்தணும். வெறகுக்கு எங்க போறது?" என்றாள் அம்மா.

அந்த நேரம் பார்த்து மருதையன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின்னால் ஒரு கட்டுக் கருவேல விறகு. கட்டை இறக்கி அண்டாவுக்குப் பக்கத்தில் போட்டார்.

"பியூஸ் கட்டையப் புடுங்கச் சொன்னாங்க, புடுங்கிட்டேன் அக்கா. எம் பொழப்பு அது. இது நான் வெட்டுன வெறகு. வெச்சுக்குங்க."

அம்மா குனிந்து கட்டின் கயிற்றைத் தொட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தூக்கிட்டுப் போங்க மாமா. ஒங்க வெறகுல எங்க அடுப்பு எரிய வேணாம்."

அவர் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். கட்டைத் தூக்காமலே சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அவர் போவதைப் பந்தலிலிருந்து பத்துப் பேராவது பார்த்திருப்பார்கள்.

"இப்ப தண்ணிக்கு என்னாடி பண்றது?"

"கொதிக்கவே வைக்க வேணாம்மா. புளிச்சுதுன்னா அந்தக் கிருமி எல்லாம் செத்துடும். ஆறு மாசமா பாத்துட்டு வந்திருக்கேன். நேத்து நீச்சத்தண்ணி இருக்கே, அதுல ரெண்டு சொம்பு விடு. வெரசாப் புளிச்சுடும்."

அம்மாவுக்கு மனசு ஒப்பவில்லை என்று நன்றாகவே தெரிந்தது. "நீ படிச்சவ" என்று சொல்லிவிட்டு வாய்க்கால் தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டி ஊற்றினாள்.

மறுநாள் காலை எல்லோரும் குடித்தார்கள். பச்சை மிளகாயும் வெங்காயமும் கடித்துக்கொண்டு நானும் இரண்டு கிளாஸ் குடித்தேன். அடுத்த நாள் விடிவதற்குள் அறுபத்து மூன்று பேர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். எனக்கு லேசான காய்ச்சல், வயிற்றுப்போக்கு, அவ்வளவுதான். மூன்றாம் நாள் எங்கள் தெருத் தையல்நாயகியின் மகள் யாழினி இறந்துபோனாள். நாலு வயது. அன்று மாலை உத்திராபதியும் போனார்.

கஞ்சியில் மடத்து ஆள் விஷம் வைத்துவிட்டான் என்று யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியவில்லை. நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே மருதையனைப் பிடித்து அடித்திருந்தார்கள். வலது கை முறிந்தது, முன்பற்கள் இரண்டு போயின. அப்படியே போலீஸ் அள்ளிக்கொண்டு போய்க் கொலை வழக்கு எழுதியது. திரும்பி வராத கார்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. மடம் பயந்துபோய் நிலத்தைத் தொடாமல் ஒதுங்கியது. விஷம் என்பது எல்லோருக்கும் வசதியாக இருந்தது. எனக்கு எல்லோரையும்விட வசதியாக இருந்தது.

ஐந்தாம் நாள் மருதையனின் மனைவி கண்ணாத்தாள் எங்கள் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"தாமர, ஒங்கண்ணு முன்னாடிதானே அவரு வெறகப் போட்டுட்டு வந்தாரு? அண்டாவத் தொட்டாரா? நீ படிச்ச புள்ள. ஒரு வார்த்தை நீ சொன்னா எடுபடும். ஜெயில்ல அந்தக் கைய வெச்சுக்கிட்டு சோத்தப் பெசையக்கூட முடியலயாம்."

போலீசிடம் பேசுகிறேன் என்றேன். பேசவில்லை. விறகு கொண்டுவந்தார் என்று சொன்னால், பிறகு ஏன் தண்ணீரைக் கொதிக்க வைக்கவில்லை என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு எனக்குப் பதில் தெரியும்.

போலீஸ் அண்டாவை எடுத்துப் போவதற்கு முன் அடியில் கிடந்த கஞ்சியில் கொஞ்சம் ஒரு குழாயில் எடுத்து வைத்திருந்தேன். அதைக் கொண்டுபோய் ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தேன். சால்மோனெல்லா. வாத்தின் வயிற்றில் குடியிருக்கிற வகை. புளித்த தண்ணீரில் எப்படிப் பிழைத்தது? அந்தக் கஞ்சியை வாயில் வைத்ததும் பல் கூசியது எனக்கே நினைவிருந்தது.

கமருன்னிஸா மேடம் அன்றைக்குச் சொன்ன "வேற மாதிரி" அப்போதுதான் உறைத்தது. நான் முப்பது தடவையும் செய்தது ஒன்றேதான். நன்றாகப் புளித்து முடிந்த தண்ணீரில் கிருமியைத் தள்ளினேன். நீச்சல் தெரியாதவனைக் கிணற்றில் தள்ளுவது அது. எந்த வீட்டிலும் அப்படி நடப்பதில்லை. சட்டியில் தண்ணீர் ஊற்றும்போதே கிருமி உள்ளே வந்துவிடுகிறது. புளிப்பு பிறகு மெல்ல ஏறுகிறது, படிப்படியாக. வீட்டுச் சட்டி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து குடித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்தத் தடவை சோறு, தண்ணீர், கிருமி மூன்றையும் ஒன்றாகப் போட்டு ஊற வைத்தேன். இரண்டு மணிக்கு ஒரு முறை கொஞ்சம் எடுத்து அதன் ஆர்.என்.ஏ.வைப் பிரித்தேன். எந்த ஜீன் விழித்திருக்கிறது என்று அதுதான் காட்டிக்கொடுக்கும். நாலாவது மணி நேரத்தில் புளிப்பைத் தாங்க வைக்கிற ஜீன் நாற்பது மடங்கு. பத்தாவது மணி நேரத்தில் இருநூறு மடங்கு. அந்தக் கிருமியை எடுத்து மனித வயிற்றில் இருக்கிற அளவு அமிலத்தில் விட்டேன். சாகவேண்டியதில் பத்துக்கு ஒன்பது சாகவில்லை. இரண்டு சொம்பு பழைய நீச்சத்தண்ணியையும் விட்டுச் செய்தேன். இன்னும் சீக்கிரம் விழித்தது. கணினித் திரையில் அந்த ஜீனின் கோடு செங்குத்தாக ஏறியது. அதை அச்செடுத்து மேடத்திடம் கொண்டுபோனேன்.

மேடம் எல்லாவற்றையும் பார்த்தார்.

"தண்ணிய ஏன் கொதிக்க வைக்கல? ஒங்க அம்மாவுக்குத் தெரியாதா?"

"தெரியும் மேடம்."

"கலெக்டருக்கு ரிப்போர்ட்ட நான் அனுப்பறேன். ஒங்க ஊர்ல நீயே போய்ச் சொல்லு. பேப்பர்ல பாத்து அவங்க தெரிஞ்சுக்கக் கூடாது" என்றார்.

பந்தலில் இரண்டு படங்களுக்கு மாலை போட்டு வைத்திருந்தார்கள். விறகுக்கட்டு அதே இடத்தில் கிடந்தது. விஷக்காரன் தொட்டது என்று ஒருவரும் அதைத் தொடவில்லை. பஸ்ஸில் வரும்போதே சொல்லவேண்டியதை மனப்பாடம் செய்திருந்தேன். மைக்கைப் பிடித்து, விஷம் இல்லை என்றேன். வாத்து இறங்கிய தண்ணீரில் இருந்த கிருமி என்றேன். மருதையன் மாமாவுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, அவர் விறகு போட வந்தார் என்றேன். கூச்சல் அடங்கவே நேரமானது. மடத்துக்காரன் எவ்வளவு கொடுத்தான் என்று ஒருவன் கத்தினான்.

தையல்நாயகி மட்டும் கத்தவில்லை. எழுந்து முன்னால் வந்தாள்.

"வெறகு இருந்துச்சுங்கற. அப்பறம் எதுக்குத் தண்ணிய கொதிக்க வைக்கல? கொதிக்க வைக்க வேணாம்னு யாரு சொன்னா?"

நான் வாயைத் திறந்தேன். நான்தான் சொன்னேன் என்பது இரண்டே சொல்.

"யாரும் சொல்லலடி" என்று பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "கொதிக்க வெச்சுத்தான் ஊத்தணும்னு இவ தலப்பாடா அடிச்சுக்கிட்டா. நாந்தான் மருதையன் வெறகத் தொட மாட்டேன்னுட்டேன். அவன் மேல இருந்த கோவம். இவ அந்தாண்ட போனதும் சும்மா வடிகட்டி ஊத்திட்டேன். எங்கையாலதான் ஊத்துனேன்."

தையல்நாயகி அம்மாவிடம் போய் முடியைப் பிடித்தாள். நாலைந்து பேர் விலக்குவதற்குள் அம்மாவின் முகமெல்லாம் நகக்கீறல். அம்மா கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை. நான் மைக்கைப் பிடித்தபடி நின்றேன். அது வேலை செய்துகொண்டுதான் இருந்தது.

நான் மேடையில் பேசிய எட்டாம் நாள் மருதையனை விட்டார்கள். கவனக்குறைவு என்று அம்மாமேல் ஒரு வழக்கு போட்டார்கள், அது இன்னும் நடக்கிறது. மடம் ஒரு மாதத்தில் தைரியம் பெற்று நிலத்துக்குள் ஜேசிபியை இறக்கியது. பந்தலைப் பிரித்த அன்று அம்மா அந்த விறகுக்கட்டை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அடுப்பில் வைத்துத் தண்ணீர் காய்ச்சினாள்.

"ஏம்மா அப்படிச் சொன்ன?"

"பின்ன? நீ சொல்லித்தான் செஞ்சேன்னு தெரிஞ்சா இந்தத் தெருவுல இனிமே எவ பொம்பளப் புள்ளய படிக்க அனுப்புவா? நான் சட்டி கழுவுறவ. என்னப் பத்தி என்ன நெனச்சா என்னா." அடுப்பை ஊதிவிட்டு, "வெளிய எங்கயும் சொல்லிக்கிட்டுத் திரியாத" என்றாள்.

நான் சொல்லவில்லை. அம்மா கேட்டுக்கொண்டதால்தான் என்று ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய். பயம்தான். அந்தக் கோடு என் ஆராய்ச்சிக் கட்டுரையில் நான்காவது படமாக வந்தது. நல்ல பெயர் கிடைத்தது, டாக்டர் பட்டமும் கிடைத்தது. தெருவில் கல்யாணம், கருமாதி எதிலும் அம்மாவை அடுப்புப் பக்கம் விடுவதில்லை. அவள் கையால் யாரும் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்குவதில்லை. எனக்கு மட்டும் பொங்கல் விளையாட்டுவிழாவில் சால்வை போட்டார்கள்.

போன மாதம் தையல்நாயகி எங்கள் வீட்டுக்கு வந்தாள். இடுப்பில் ஆறு மாதக் குழந்தை. அம்மா அடுப்படிக்குள் இருந்தாள். தையல்நாயகி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"தாமர, இதுக்கு இனிமே கஞ்சி குடுக்கலாம்னு நர்சம்மா சொல்லுது. தண்ணிய எப்படிக் காய்ச்சணும், எவ்ளோ நேரம் காய்ச்சணும்னு நீ சொல்லு. நர்சம்மா சொன்னாலும் எனக்கு மனசு ஆறல. நீ சொன்னாத்தான் நம்புவேன்." குழந்தையை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "அன்னைக்கு ஒங்கம்மா நீ சொன்ன பேச்சக் கேட்டிருந்தா எம் புள்ள இருந்திருக்கும்."

உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது.

"தளதளன்னு கொதிக்கணும் அக்கா" என்றேன். "கொதிச்ச பிறகும் அஞ்சு நிமிஷம் விடுங்க."